முகத்துவாரம் வரைக்கும்

சீனி இருநூற்று நாற்பது.
கிளினிக் கொப்பியில் சிவப்பால் வட்டம் போட்டு
"ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்கணும்"
என்று சொன்னா டொக்டர் பஸ்மியா.
எங்கே என்று சொல்லவில்லை.

ஆகவே விடிய ஐந்தேகால், கல்லடி.
புதுப் பாலத்தில் லொறிகள். பழைய பாலத்தில் நாங்கள்:
நடக்கிற ஆட்கள், சைக்கிள்கள்,
தூண்டிலை எறிந்துவிட்டு ஃபோன் பார்க்கும் பொடியன்கள்.
கால் வைக்கும்போதெல்லாம் இரும்பு ஏதோ முனகும்.
மீன் பாடுமாமே என்பார்கள் வெளியூர்க்காரர்.
எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கேட்டதில்லை.
கேட்டதாகச் சொல்லியிருக்கிறேன், நாலைந்து தரம்,
விருந்தாளியின் முகத்துக்காக.

இறங்கி இடப்பக்கம் கிறுகினால் டச்பார்.
பெலிக்ஸ் ராகலின் தச்சுப் பட்டறையில் விளக்கில்லை.
அவருடைய நாய் மட்டும் நாலு வீடு வரை கூட வந்து
தன் எல்லை தெரிந்து திரும்பும்.

பிறகு வீடுகள் விலகும்.
வலக்கையில் கடல், இடக்கையில் வாவி,
நடுவில் இந்த மண்துண்டு,
பாரைக்குட்டியின் நடுமுள் போல ஒடுங்கி.

இரண்டு தண்ணிக்கும் இரண்டு குணம்.
கடல் இருட்டோடு எழும்பிச் சத்தம் போடும்.
வாவி படுத்தே கிடக்கும்;
ஒரு நீர்க்காகம் கம்பில் ஏறிச் சிறகைக் காயப்போட்டால்
அதுதான் அதற்கு அன்றைய சேதி.
கண்ணை மூடினாலும் மூக்குப் பிரித்துச் சொல்லும்:
வலப்பக்கம் ஈர இரும்பு,
இடப்பக்கம் சேறு, கிண்ணை வேர், நேற்றைய இறால்.

முதலில் கொங்கிறீற்று, பிறகு கிறவல், பிறகு மணல்.
ஈர மணல் தாங்கும். காய்ந்தது விழுங்கும்.
அடம்பன் படர்ந்த இடத்தை நம்பலாம்.
இராவணன்மீசை உருண்டு வந்தால் வழி விட வேண்டும்,
முள்ளும் அவசரமும் அதற்குக் கூட.
ஆடியில் கச்சான் எழும்பினால்
கரைக்கு ஓடி வருகிற அலையின் தலைமயிரைப் பிடித்து
காற்றுப் பின்னுக்கு இழுக்கும்.
நான் நின்றுவிடுவேன்.
நிற்பது நடையில் சேராது, தெரியும்.

சவுக்குகளைத் தாண்டி, நாவலடியில்,
மூன்று படிகள். வீடு இல்லை.
சிவப்புச் சீமெந்து நிலம். ஒரு மூலையில்
அம்மி இருந்த தடம்.
இத்தனை வருடத்தில் அதன்மேல்
மணல் ஏறி ஒருநாளும் நான் காணவில்லை.
யாரோ கூட்டுகிறார்கள்.
ஈர்க்குக் கோடுகள் கடைசிப் படிவரை வந்து நிற்கும்.
செருப்பு மணலை அங்கே நான் உதறுவதில்லை.

கண்ணமுத்துவின் கரைவலை வந்துகொண்டிருந்தால்
"சும்மாதானே போறீங்க, ஒரு கை குடுங்க" என்பான்.
சும்மா இல்லை, வருத்தத்துக்கு, என்று சொல்ல வெட்கம்.
கயிறு உள்ளங்கையை உரிக்கும்.
கூலி ஒரு கோர்வை கீரிமீன்.
அரை மணித்தியாலம் எப்போதோ முடிந்திருக்கும்;
கந்தோருக்குப் பிந்தும்;
சேட்டில் செதில் ஒட்டியிருக்கும்.

பாதை எங்கே முடியும் என்று கேட்டால்
என்ன மாதம் என்று நான் கேட்பேன்.
ஆவணியில் முகத்துவாரம் அடைபட்டுக் கிடந்தால்
மணல்மேலேயே அக்கரைக்கு நடந்து
பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில்
ஒரு பிளேன்ரீ, சீனியில்லாமல்.
கார்த்திகை வெள்ளம் வாயை உடைத்துவிட்டால்
அதே வெளிச்சவீடு எதிரே நிற்கும்,
கூப்பிட்டால் கேட்கும் தூரம்,
போகத் தோணி வேண்டும்.
நேற்று நான் நடந்த இடத்தில்
வாவி கடலுக்குள் கபில நிறமாய்ப் பாயும்.
அதன் விளிம்பில் கொஞ்சநேரம் நின்று,
என் காலடிகள் போன திசையைப் பார்த்து,
திரும்புவேன்.

தையில் சீனி நூற்று அறுபது.
"எவ்வளவு தூரம் நடக்கிறீங்க?"
மாரியில் குறைவு டொக்டர், கோடையில் கூட,
அது வாய் திறக்கிறதைப் பொறுத்தது, என்றேன்.
பேனையை உயர்த்தியபடி என்னைப் பார்த்தா.
கொப்பியில் அதற்குக் கட்டமில்லை.
கொஞ்சம் யோசித்து
"நடக்கிறார்" என்று மட்டும் எழுதினா.